நன்னூல் வழி ஆங்கிலத் தொடர்ப்பிழைத் திருத்தம்: செய்யூர் வட்டத் தமிழ்வழி மாணவரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஆங்கிலத் தொடர்களில் செய்யும் பிழைகள் பல, பேச்சுத்தமிழின் தொடரமைப்பிலிருந்து பிறப்பவை. அதே மாணவர் தமிழ் வகுப்பில் பயிலும் எழுத்துத்தமிழ் இலக்கணம் அப்பிழைகளைக் காணவும் திருத்தவும் ஏற்ற கருவியாக அமையக்கூடும். வேற்றுமைப் பொருள், வினைக்குறிப்பு, எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி ஆகிய பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. அக்கருவி செல்லாத இடங்களும் ஆங்காங்கே சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வழு, வழுவமைதி, இரண்டாம் வேற்றுமை, வினைக்குறிப்பு, மொழிக்குறுக்கீடு, செய்யூர்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்குக் கடலோரப் பகுதியில் அமைந்தது செய்யூர் வட்டம். உப்பளமும் மீன்பிடியும் வேளாண்மையும் இவ்வட்டத்தின் தொழில்கள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சார்ந்தவர். அந்த இடைக்கழிநாடு இன்று இவ்வட்டத்துப் பேரூராட்சியாக விளங்குகிறது. பழந்தமிழ்ப் புலமையோடு இத்தகைய தொடர்புடைய மண்ணில் தமிழ்வழியில் பயிலும் மாணவருக்கு ஆங்கிலம் வீட்டிலோ தெருவிலோ காதில் விழும் மொழியன்று. பாடநூலில் மட்டும் எதிர்ப்படும் மொழி.

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வில் பிழை கண்டறிந்து திருத்தும் வினா இடம்பெறுகின்றது. மேனிலை வகுப்புகளிலும் அரசுப் பணித் தேர்வுகளிலும் இவ்வகை வினா தொடர்கிறது. இவ்வினா எதனைச் சோதிக்கிறது என்பது எண்ணத்தக்கது. ஆங்கிலம் புழங்கும் வீட்டிலிருந்து வரும் மாணவர் தொடரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, காதுக்கு ஒவ்வாத இடத்தைச் சுட்டிவிடுவார். விதியை அவர் அறிந்திருக்கத் தேவையில்லை. அத்தகைய செவிப்பழக்கம் இல்லாத மாணவரோ விதிப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்கூடத்திற்குச் செல்கிறார். பட்டியலில் எந்த விதி எந்தத் தொடருக்கு உரியது என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. இலக்கண அறிவைச் சோதிப்பதாகத் தோன்றும் வினா பிறந்த வீட்டைச் சோதிப்பதாக மாறிவிடுகிறது.

இம்மாணவர் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வேற்றுமையையும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகியவற்றையும் பயில்கிறார். தொடர்ப்பிழையைப் பெயரிட்டு வகைப்படுத்தும் முறை அவர் கையிலேயே இருக்கிறது. ஆயினும் தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

இக்கட்டுரையில் ஆங்கிலத் தொடர்கள் யாவும் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. அவை செய்யூர் வட்டார வாழ்வை ஒட்டி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள். கள ஆய்வில் திரட்டப்பட்டவை அல்ல.

பிழை பற்றிய நோக்குகள்

இந்தியர் ஆங்கிலத்தில் செய்யும் மரபுப் பிழைகளைத் தொகுத்து ஜி. சி. விட்வொர்த் 1907-இல் 'இந்தியன் இங்கிலீஷ்' என்னும் நூலை வெளியிட்டார். பிழையைக் குறையாகக் காணும் நோக்கு அது. ராபர்ட் லாடோ 1957-இல் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிழைக்குரிய காரணமாக்கினார். பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரை இந்நோக்கை மாற்றியது. கவனக்குறைவால் நேரும் சறுக்கல் வேறு, கற்பவர் மனத்தில் உருவான ஒழுங்கிலிருந்து பிறக்கும் பிழை வேறு என அவர் பிரித்தார். பின்னது கற்றலின் தடயம் என்பது அவர் கருத்து. அவ்வொழுங்கினை 1972-இல் லாரி செலிங்கர் இடைமொழி எனப் பெயரிட்டு விளக்கினார்.

இவ்வாய்வுகளைத் தமிழ்ச் சூழலுக்குப் பொருத்தும்போது ஒரு கேள்வி எழுகிறது. தாய்மொழி என்பது எந்தத் தமிழ்? இரட்டை வழக்குடைய மொழியில் மாணவர் வீட்டில் பேசுவது ஒன்று, பாடநூலில் எழுதுவது மற்றொன்று. ஆங்கிலத்தில் பிழைக்கத் தூண்டுவது முன்னது. பின்னது பல இடங்களில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது. இதற்கு இரண்டாம் வேற்றுமை தெளிவான சான்று.

இரண்டாம் வேற்றுமையும் வேண்டாத முன்னிடைச்சொல்லும்

ஆங்கில வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வேண்டாத முன்னிடைச்சொல்லைச் செருகுதல் தமிழ் மாணவரிடம் பரவலாகக் காணப்படும் பிழையாகும். 'வி ரீச்டு டு மதுராந்தகம்', 'ஷி ரிசெம்பிள்ஸ் டு ஹெர் மதர்', 'ஹி மேரீட் வித் ஹெர்' என்பன போன்றவை. இவற்றில் 'டு', 'வித்' ஆகியவை நீக்கப்பட வேண்டும். ஏன் நீக்க வேண்டும் என்று மாணவர் வினவினால், அவ்வினைகள் முன்னிடைச்சொல்லை ஏலா என்பதே வழக்கமான விடை. இவ்விடை விதியைத் திரும்பச் சொல்வதன்றி விளக்கம் ஆகாது.

ஐ உருபுக்கு ஆக்குதல், அழித்தல் முதலாக ஆறு பொருள்களை நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை ஆகிய நான்கும் இங்குக் கருதத்தக்கவை. ஒன்றை ஆக்கும்போதும் அழிக்கும்போதும் அது செயப்படுபொருளாதல் எவர்க்கும் எளிதில் விளங்கும். ஊரை அடையும்போது ஊருக்கு ஒன்றும் நேர்வதில்லை. தாயை ஒக்கும்போது தாய்க்கு ஒன்றும் நேர்வதில்லை. இருந்தும் அவை செயப்படுபொருளே என்று இலக்கணம் கொள்கிறது. ஆங்கிலமும் அவ்வாறே கொள்கிறது. 'ரீச்' என்பது அடைதல். 'ரிசெம்பிள்' என்பது ஒத்தல்.

மாணவரின் பேச்சில் இவ்விடங்களில் ஐ உருபு வருவதில்லை. 'மதுராந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதே பேச்சு. அதிலுள்ள கு உருபே 'டு' ஆகிறது. 'அம்மா மாதிரி இருக்கா' என்பதில் ஒப்புமைச் சொல் தனியே நிற்பதால் ஆங்கிலத்திலும் ஒரு தனிச்சொல் தேவையெனத் தோன்றுகிறது. 'அவங்களோட கல்யாணம் ஆச்சு' என்பதன் மூன்றாம் வேற்றுமை 'வித்' ஆகிறது. எழுத்துத்தமிழில் இவை 'மதுராந்தகத்தை அடைந்தோம்', 'தாயை ஒத்திருக்கிறாள்', 'அவளை மணந்தான்' என வரும். மூன்றிலும் ஐ உருபு உண்டு. ஆங்கிலத்தில் மூன்றிலும் முன்னிடைச்சொல் இல்லை. ஐயம் எழுந்த ஆங்கில வினையை எழுத்துத்தமிழில் பெயர்த்து, அது ஐ உருபை ஏற்கிறதா என்று பார்க்கும் சோதனையை மாணவர் தாமே செய்துகொள்ள இயலும்.

நீத்தற்பொருளில் சற்று நுண்மை வேண்டும். 'ஊரை நீங்கினான்' என்பது இரண்டாவது. 'ஊரின் நீங்கினான்' என்பது நீங்கற்பொருளில் வந்த ஐந்தாவது. நீங்குதல் என்னும் ஒரே வினை இரு வேற்றுமையையும் ஏற்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி லெஃப்ட் செய்யூர்' என்பது முன்னதையும், 'ஹி கேம் ஃப்ரம் செய்யூர்' என்பது பின்னதையும் ஒக்கும். 'இருந்து கிளம்பினான்' என்னும் பேச்சுவழக்கைக் கொண்டு 'ஹி லெஃப்ட் ஃப்ரம் செய்யூர்' என எழுதும் மாணவர் இரண்டையும் கலந்துவிடுகிறார். ஒரு பேருந்து குறிப்பிட்ட நடைமேடையிலிருந்து புறப்பட்டது என்னும்போது 'லெஃப்ட் ஃப்ரம்' வருதல் பிழையன்று என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லுதல் நலம். அங்குச் சுட்டப்படுவது புறப்பாட்டின் எல்லை, துறக்கப்பட்ட பொருளன்று. எல்லைப் பொருளும் ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதே.

இச்சோதனை எல்லா வினைக்கும் பொருந்தாது. 'அதனைப் பற்றி விவாதித்தனர்' என்பது எழுத்துத்தமிழிலும் வழக்கு. ஆகவே 'டிஸ்கஸ்டு அபவுட்' என்னும் பிழையைத் தமிழ் இலக்கணம் காட்டிக்கொடுக்காது. 'அரைவ்' என்னும் வினை 'ரீச்' என்பதற்கு நெருங்கிய பொருளுடையதாயினும் 'அட்' அல்லது 'இன்' வேண்டி நிற்கும். 'அடை' என்பதற்கு 'ரீச்' எனவும் 'வந்துசேர்' என்பதற்கு 'அரைவ்' எனவும் இணைத்துக் கற்பித்தால் இவ்விரண்டும் மயங்கா. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுபீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரையர்' ஆகியவை 'தேன்' ஏலாமல் 'டு' ஏற்பது இலத்தீன் வழி வந்த வழக்கு. தமிழில் எல்லா ஒப்பீட்டுக்கும் 'விட' ஒன்றே வருவதால் அச்சொற்களை நினைவில் கொள்வதன்றி வேறு வழியில்லை.

உடைமையும் வினைக்குறிப்பும்

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்' ஆகிய தொடர்கள் தமிழர் ஆங்கிலத்தின் அடையாளம் என்னும் அளவுக்குப் புகழ்பெற்றவை. திருத்தம் எளிது: 'ஐ ஹேவ்'. காரணம் பேச்சில் இருக்கிறது. 'சைக்கிள் வச்சிருக்கேன்' என்பதிலும் 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க' என்பதிலும் இரு என்னும் வினை நிகழ்கால இடைநிலையோடு வருகிறது. 'இருக்கேன்' என்பதற்கு 'ஆம்' எனவும், எஞ்சிய பகுதிக்கு 'ஹேவிங்' எனவும் மாணவர் மனம் பங்கிட்டுக்கொள்கிறது. பங்கீட்டில் ஒழுங்கு இருக்கிறது. அதனாலேயே அப்பிழை எளிதில் நீங்குவதில்லை.

எழுத்துத்தமிழில் 'ஹேவ்' என்பதற்கு நேரானது 'உடையேன்'. இஃது உடைமைப் பொருளில் வரும் இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: 'தம்பியர் இருவரை உடையேன்'. அன்றியும் உடையேன், உடையன், உடைத்து முதலியவை வினைக்குறிப்புகள். காலத்தை வெளிப்படக் காட்டும் இடைநிலை அவற்றில் இல்லை. வினைக்குறிப்பைத் தொடர்வினையாக்க இயலாது. 'சைக்கிளை உடையேன்' என்பதைத் தொடர்வினையாக்க முயன்று 'சைக்கிளை உடைத்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவர் கூறினால், கேட்பவர் சைக்கிளைக் காப்பாற்ற ஓடிவருவர். வகுப்பில் நகைப்பை விளைவிக்கும் இவ்வெடுத்துக்காட்டு 'ஐ ஆம் ஹேவிங்' ஏன் ஒவ்வாது என்பதை விதியினும் விரைவாக உணர்த்தக்கூடும்.

'ஹி இஸ் நோயிங் இங்கிலீஷ்' என்பதற்கும் இவ்வழி பொருந்தும். 'அவருக்கு ஆங்கிலம் தெரியும்' என்போமேயன்றித் 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்னோம். 'எனக்குப் புத்தகம் வேண்டும்' என்பதை 'வேண்டிக்கொண்டிருக்கிறேன்' என மாற்றினால் அது கோயிலில் நிற்பவர் கூற்றாகிவிடும். கொண்டிரு சேர்க்கும்போது தொடர் சிதைந்தாலோ பொருள் மாறினாலோ ஆங்கிலத்தில் 'இங்' வேண்டா. இதற்கும் விலக்கு உண்டு. 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' எனத் தமிழில் கூறலாம். 'ஐ ஆம் பிலீவிங்' பொதுவழக்கில் இல்லை.

காலமயக்கம்

'மை ஃபாதர் வில் கோ டு த சீ எவ்ரி டே' என்று கடப்பாக்கத்து மீனவர் மகன் எழுதுவதாகக் கொள்வோம். 'எங்கப்பா தினமும் கடலுக்குப் போவாரு' என்பதன் பெயர்ப்பு இது. வழக்கச் செயலைத் தமிழ் எதிர்கால வடிவால் கூறும். 'முன்பெல்லாம் போவார்' என்று இறந்தகால வழக்கத்திற்கும் அவ்வடிவே வரும். ஆங்கிலம் முதலாவதை 'கோஸ்' என நிகழ்காலத்தாலும் இரண்டாவதை 'யூஸ்டு டு கோ' என்பதாலும் கூறுகிறது. முக்காலத்துக்கும் பொதுவாகிய இயற்கைப் பொருளை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லாற் கூறவேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலின் விதி. அப்பொதுச்சொல்லைச் செய்யும் என்னும் முற்றாக உரையாசிரியர் கொள்வர். 'கடல் ஒலிக்கும்' என்பதில் தொல்காப்பியர் காண்பது நிகழ்காலம். ஆங்கிலேயரும் அதனை நிகழ்காலத்தாலேயே கூறுவர். பேசுவோர் இன்று அவ்வடிவை எதிர்காலமாக உணர்வதே மயக்கத்திற்குக் காரணம்.

தொடர்கள் இணையும் இடம்

'தோ இட் ரெயின்டு, பட் த போட்ஸ் வென்ட் அவுட்', 'ஆஸ் இட் ரெயின்டு, ஸோ த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்டு' என இணைப்புச்சொல் இருமுறை வருவது மற்றொரு பிழை. 'மழை பெய்தும் படகுகள் சென்றன', 'மழை பெய்ததால் பள்ளி மூடப்பட்டது' ஆகிய தமிழ்த் தொடர்களில் இணைப்பு ஒருமுறைதான் வருகிறது. ஆகவே தமிழின் நேர்பெயர்ப்பால் இப்பிழை எழுந்தது எனல் பொருந்தாது. காரணம் இடத்தில் இருக்கிறது. தமிழில் உம்மையும் ஆல் உருபும் இரு தொடர்களும் பொருந்தும் மூட்டுவாயில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'தோ', 'ஆஸ்' ஆகியவை தொடரின் தலையில் போய் நிற்பதால் மூட்டுவாய் வெறுமையாகிறது. தமிழ்க் காது அவ்விடத்தில் ஒரு சொல்லை எதிர்பார்க்கிறது. 'பட்', 'ஸோ' அவ்வெதிர்பார்ப்பை நிறைவிக்கின்றன. இதனை அறிந்த மாணவர் தொடரின் நடுவை மட்டும் பார்த்தாலே பிழையைக் கண்டுகொள்ளலாம்.

'என்று' என்னும் இடைச்சொல்லும் இவ்வாறே இடர் செய்கிறது. 'நீ எங்கே போகிறாய் என்று ஆசிரியர் கேட்டார்' என்பதில் ஆசிரியரின் வினா மாறாமல் அப்படியே நிற்கிறது. அதனை 'த டீச்சர் ஆஸ்க்டு மீ தட் வேர் ஆர் யூ கோயிங்' எனப் பெயர்த்தால் பிழைகள் பெருகுகின்றன. 'தட்' நீங்கி, இடமும் காலமும் சொல்வரிசையும் மாறி, 'த டீச்சர் ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்' என்றாதல் வேண்டும்.

ஒருமையும் பன்மையும்

'ஒன் ஆஃப் த போட்ஸ் ஹேவ் ரிட்டர்ன்டு' போன்ற தொடர் பிழைத்திருத்த வினாக்களுக்கு ஏற்றது. 'ஹேஸ்' என்பது திருத்தம். இப்பிழையைத் தமிழின் மேல் ஏற்றுதல் முறையன்று. 'படகுகளுள் ஒன்று திரும்பியது' என்னும் தமிழ்த்தொடரில் எழுவாயாகிய 'ஒன்று' பயனிலையை ஒட்டியே நிற்கிறது, மயங்க வாய்ப்பில்லை. ஆங்கிலத்திலோ 'ஒன்' முன்னே போய்விட, பன்மைப்பெயர் வினையின் அருகில் வந்து அதனைத் தன்பால் இழுக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்விடத்தில் தவறுவதுண்டு. தொடரைத் தமிழ் வரிசையில் அமைத்துப் பார்க்கும் மாணவருக்கு உண்மையான எழுவாய் உடனே புலனாகும்.

'ஒன் ஆஃப் த போட்' எனப் பெயரையே ஒருமையில் எழுதுவது வேறு வகை. அஃறிணைப் பெயர் கள் விகுதியின்றியே பன்மையையும் உணர்த்தும். 'படகு வந்தது', 'படகு வந்தன' என வினையே பாலைக் காட்டும் பால்பகா அஃறிணைப் பெயர் அது. ஆங்கிலத்தில் பெயரே எண்ணைக் காட்டியாகவேண்டும். மேலும், ஆங்கிலப் பெயரின் ஈற்றில் வரும் 'ஸ்' பன்மையையும் வினையின் ஈற்றில் வரும் 'ஸ்' படர்க்கை ஒருமையையும் குறிப்பதால் 'பாய்ஸ் கோஸ்' என எழுதுவோர் உளர். தன்மை, முன்னிலை, படர்க்கை அனைத்திலும் விகுதி வேறுபடும் தமிழ் வினைக்குப் பழகியவர், ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் ஆங்கில வினையில் அவ்வோரிடத்தை மறப்பது வியப்பன்று.

ஓர், ஒரு, ஐ

'எ', 'அன்', 'த' ஆகிய சுட்டுச்சொற்கள் தமிழில் இல்லை என்று கூறிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. உயிர்முதல் மொழி வரும்போது எண்ணுப்பெயரின் முதல் நீண்டு உகரம் கெடும் என்பது தொல்காப்பியம் கூறும் புணர்ச்சி: ஓர் ஊர், ஒரு படகு. 'அன்', 'எ' ஆகியவற்றின் பாகுபாடும் இதுவே. ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவுசெய்யும் மாணவர் 'எ அவர்', 'அன் யூனிவர்சிட்டி' எனத் தவறுகிறார். ஏனெனில் முதற்சொல் ஆங்கிலத்தில் மெய்யெழுத்திலும் இரண்டாவது உயிரெழுத்திலும் தொடங்குகின்றன. அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப்பார்த்தால் விடை தானே வெளிப்படும். மணியைக் குறிக்கும் 'அவர்' உயிர்முதல். எனவே 'அன் அவர்'. 'யூனிவர்சிட்டி' யகர மெய் முதல். எனவே 'ஒரு யானை' போல 'எ யூனிவர்சிட்டி'. 'அன் எம்.எல்.ஏ.', 'அன் ஆனஸ்ட் மேன்', 'எ யூரோப்பியன்' ஆகியவையும் இவ்வாறே. 'ஒன்' என்னும் எண்ணுப்பெயர் மட்டும் எச்சரிக்கைக்கு உரியது. தமிழில் உயிர்முதலாக எழுதப்படினும் ஆங்கில ஒலிப்பில் அது வகரத்தோடு தொடங்குவதால் 'எ' தான் வரும்.

'த' என்பதற்கு இரண்டாம் வேற்றுமை மீண்டும் உதவுகிறது. 'வலை வாங்கினான்' என்பது ஏதோ ஒரு வலை. 'வலையை வாங்கினான்' என்பது முன்பே அறிந்த வலை. முன்னதில் உருபு தொக்கது இரண்டாம் வேற்றுமைத் தொகை எனப்படும். தொகுதலுக்கும் விரிதலுக்கும் இடையே உள்ள பொருள் வேறுபாடே 'எ நெட்', 'த நெட்' என்பவற்றின் வேறுபாடு. இது செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயருக்கு மட்டுமே பொருந்தும். உயர்திணைப் பெயர் அவ்விடத்தில் உருபை வேண்டியே நிற்கும். எழுவாய்க்கோ உருபே இல்லை. அவ்விடங்களில் மாணவர் ஆங்கில வாசிப்பையே நம்பவேண்டும்.

வழுவமைதி

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவைக் கூறிய நன்னூல், காரணம் பற்றி ஏற்கத்தக்கவற்றை வழுவமைதி என்று தனியே வைத்தது. இப்பாகுபாடு ஆங்கில விடைத்தாளைத் திருத்துவோர்க்கும் பயன்படும். 'டுடே மார்னிங்' என்பது 'இன்று காலை' என்பதன் நேர்பெயர்ப்பு. 'திஸ் மார்னிங்' என்பதே ஆங்கில மரபு. 'பிரிபோன்' என்னும் சொல்லை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் நகைத்தனர். இன்று அது ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்திய வழக்காக ஏறிவிட்டது. முன்னதைத் திருத்துவதும் பின்னதை விட்டுவிடுவதும் தேர்வாளர் அறிந்தே செய்யவேண்டிய முடிவுகள். 'ரீச்டு டு' என்பதற்கும் 'கசின் பிரதர்' என்பதற்கும் ஒரே அளவில் மதிப்பெண் குறைப்பது, இலக்கண வழுவையும் மரபு வழுவையும் ஒன்றாக்குவதாகும்.

'கசின் பிரதர்' என்பதில் 'பிரதர்' மிகை என்பது வழக்கமான திருத்தம். ஆங்கிலத்தில் 'கசின்' ஆண்பாலையும் பெண்பாலையும் காட்டாது. தமிழ்ப் படர்க்கை உயர்திணை ஒருமையில் பால் காட்டாத உறவுப்பெயர் அரிது. பெரியப்பா மகனைப் பிறந்த நாள் முதல் 'அண்ணன்' என்றே அழைத்துவரும் செய்யூர் மாணவருக்கு, 'கசின்' என்னும் சொல்லில் 'பிரதர்' விடுபட்டிருப்பதே பிழையாகத் தோன்றும்.